இடக்கையால் சாப்பிட்டவர்கள்

செல்லத்தாய் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது படம் எடுத்துக்கொள்ள அல்ல. வாசற்படியில் காலைத் தேய்த்துத் துடைத்துவிட்டு உள்ளே வந்தவள், முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து என் மேசையில் வைத்தாள். சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையின் நடுப்பக்கம் அது. யாரோ கடலை மடித்துத் தின்ற எண்ணெய்க் கறை ஒரு மூலையில் இருந்தது.

“அக்கா, ஒங்ககிட்ட பெருசாக் காட்டுற கண்ணாடி இருக்குமாம்ல. இதுல ஒரு மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்.”

யுத்தம் முடிந்த வருடம். ஆவணி கடைசியாக இருக்கலாம். சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் வரை நடந்து, அங்கிருந்து கரி பஸ்ஸில் தேனி வந்திருக்கிறாள். அந்த பஸ்ஸில் வந்தவர்களை நெற்றியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பின்னால் எரியும் அடுப்பின் கரித்தூள் எல்லோருக்கும் பொட்டு வைத்து அனுப்பும்.

பக்கத்தில் பெரிய படம் ஒன்று அச்சாகியிருந்தது. கூடாரத்தின் முன்னால், மண் தரையில், எலும்பும் தோலுமாக ஒரு வரிசை ஆண்கள். மடியில் தகரத் தட்டு. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஒரே ஒரு வரி: ‘விடுதலையான நம் வீரர்கள் உணவருந்துகின்றனர்.’ எந்த ஊர் முகாம், யார் யார், ஒன்றும் இல்லை.

ஓரத்திலிருந்து இரண்டாவது ஆளின் மேல் விரலை வைத்தாள். “இவுக எங்க வீட்டுக்காரவுக மாதிரி இருக்கு.”

மாதிரி என்று சொன்னாளே தவிர, அவள் விரல் அந்த முகத்தை விட்டு எழவில்லை.

அவள் கணவன் தங்கவேலு பட்டாளத்துக்குப் போனவன். ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து அவனைப் பற்றித் தகவல் இல்லை. ‘காணவில்லை’ என்று சர்க்கார் காகிதம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். வருகிற புரட்டாசி அமாவாசையன்று சுருளி அருவியில் வைத்து அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, இவள் தாலியையும் இறக்கிவிடுவதென்று மாமனார் முடிவு செய்திருந்தார். அதற்குள் யாராவது ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறாள்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த முகத்தின் மேல் வைத்தேன். முகம் காணாமல் போய்விட்டது.

புள்ளிக் கோலம்

பத்திரிகைப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அது படமே இல்லை, வெறும் கறுப்புப் புள்ளிகள். கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி வரிசை வரிசையாக நிற்கும். இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி. தள்ளி வைத்துப் பார்த்தால் கண்ணும் மூக்கும். கிட்டே போனால் ஒன்றும் மிஞ்சாது.

அதை அவளிடம் எப்படிச் சொல்வது? நம்பிக்கையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தவளிடம், இந்தக் கண்ணாடி உதவாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வெளிச்சம் சரியில்லை” என்று சொல்லி வாசல் பக்கம் போய் நின்றேன். வாசலிலும் புள்ளிகள்தான்.

இந்தத் தொடரைப் படித்துவரும் போடிக்காரர் ஒருவர், ‘அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை எப்படி போட்டோ பிடிக்கக் கிளம்பினீர்கள்?’ என்று கேட்டிருந்தார். கேள்வியில் கொஞ்சம் குறும்பு இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன். செல்லத்தாய் வாசலில் காத்திருக்கட்டும், அவளுக்குக் காத்திருந்து பழக்கம்.

கறுப்புத் துணிக்குள் நான்

எங்கள் மாமனார் வீட்டார் தேனி கடைவீதியில் கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும் விற்றுக்கொண்டிருந்த வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அதோடு சேர்த்து என் வீட்டுக்காரர் மாடியில் ஸ்டுடியோ வைத்தார். கூரையில் ஒரு பக்கம் கண்ணாடி பதித்த அறை, தோட்டமும் படிக்கட்டும் வரைந்த திரைச்சீலை, கீழே பவுடர் டப்பாவும் சீப்பும் வைத்த ஆளுயர நிலைக்கண்ணாடி.

ஆண்கள் வந்தார்கள். பெண்கள் வந்தாலும் படம் வரவில்லை. ஒரு ஆம்பிளை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு தன்னையே பார்க்கிறான் என்றால் எந்தப் பெண் நிமிர்ந்து உட்காருவாள்? படம் பதியும் கண்ணாடி பிளேட்டைக் கழுவினால் எல்லாம் குனிந்த தலையும் வகிடும்தான். “என்ன இது, பேன் பார்க்கிற படமா எடுத்திருக்கீக?” என்று நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம். “அப்ப நீயே எடு” என்றார். எடுத்தேன்.

அதன் பிறகு பெண்களின் படங்கள் எல்லாம் என் பொறுப்பாயின. கம்பத்திலும் சின்னமனூரிலும் எனக்கு போட்டோக்காரம்மா என்று பெயர் விழுந்தது.

படம் எடுப்பதைவிட எனக்குப் பிடித்த வேலை, பிளேட்டில் பென்சில் ஓட்டுவது. அம்மைத் தழும்பு, முகச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் கூர்மையாகச் சீவிய பென்சிலால் பிளேட்டின் மேல் தொட்டுத் தொட்டு மறைத்துவிடுவேன். காசு கொடுத்துப் படம் எடுக்க வருகிறவர்களுக்குத் தங்கள் முகம் வேண்டாம். தங்களுக்குப் பிடித்த முகம் வேண்டும்.

பத்திரிகைப் பைத்தியம்

என் வீட்டுக்காரருக்கு ஸ்டுடியோவில் மனம் நிற்கவில்லை. வாரப் பத்திரிகைகளில் படம் அச்சாகத் தொடங்கியதும் அவருக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கும் கூட்டம், மயிலாடும்பாறையில் மழைக்காகக் காத்திருக்கும் காடு என்று எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஒரே ஒரு முறை அச்சானது. சுருளி அருவியில் வெள்ளம் வந்த படம். அடியில் ‘குற்றாலத்தில் சீசன்’ என்று போட்டிருந்தார்கள். அவர் அந்தப் பத்திரிகையை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டார், வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார், ஆனால் அடி வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் காட்டுவார்.

யுத்தம் வந்தது. போடி வரை ஓடிய ரயிலின் தண்டவாளத்தைப் பட்டாளத் தேவைக்கென்று பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அதைப் படம் எடுக்க அவருக்குக் கை துறுதுறுத்தது. ரயில், பாலம், அணை எதையும் படம் எடுக்கக் கூடாது என்று அப்போது கட்டுப்பாடு. காவலுக்கு நின்ற ஏட்டையா நல்ல மனிதர். “ரயில எடுக்கக் கூடாதுன்னுதான உத்தரவு? இங்கன ரயிலே இல்லையே, எடுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்டவாளம் இல்லாத பிளாட்பாரத்தில் காப்பி விற்கிற ஆள் பழக்கதோஷத்தில் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருக்கும் படம் அது. எங்கள் படங்களிலேயே நல்ல படம் என்று நான் நினைப்பது. அதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

நம் ஊரில் அப்போது இந்தப் பத்திரிகைப் படங்களைப் பற்றி ஒரு சங்கடம் இருந்தது. ஸ்டுடியோவில் சட்டை போட்டு, தலை வாரி, கேமராவைப் பார்த்து நிற்கிறோம், அது மரியாதை. நாம் பார்க்காதபோது, நாம் வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்போது நம்மை எடுப்பது என்ன மரியாதை? அதிலும் சாப்பிடும்போது. பந்தியில் உட்கார்ந்தவனை உற்றுப் பார்த்தாலே கண் பட்டுவிடும் என்கிற ஊர் இது. சாப்பிடுகிறவர்களைப் படம் எடுத்து ஊர் ஊராக அனுப்பினால் எத்தனை கண் படும்?

செல்லத்தாய் கொண்டுவந்த படத்தைப் பார்த்துச் சுருளிப்பட்டியில் முதலில் எழுந்த பேச்சே அதுதானாம். “சோத்துத் தட்டோடயா படம் புடிப்பாக?” என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

மூளிக்காது

வாசலில் நின்று பார்த்தும் பயனில்லாமல் உள்ளே வந்தேன். “எதை வச்சு உன் வீட்டுக்காரர்ங்கிற?” என்று கேட்டேன்.

“காதுக்கா. நல்லாப் பாருங்க. மூளிக்காது.”

பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தெரிந்தது. அந்த ஆளின் காதுமடல் அடியில் இரண்டாகப் பிளந்திருந்தது. தங்கவேலு விடலைப் பருவத்தில் கடுக்கன் போட்டிருந்தபோது, காளை தலையை ஆட்டிய வேகத்தில் கொம்பு மாட்டிக் காது அறுந்ததாம். அறுந்த காதை எங்கள் பக்கம் மூளி என்போம். தாலியும் நகையும் இல்லாத பெண்ணையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். அவள் அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு இரண்டும் சேர்ந்தே காதில் விழுந்தது.

“பட்டாளத்துக்குப் போறப்ப ஒங்ககிட்டத்தான் படம் எடுத்தாக. அந்தப் படத்துல காது முழுசா இருக்குக்கா. அதான் அதக் காட்டி யாருகிட்டயும் பேச முடியல” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. காது முழுசாக இல்லாமல் எங்கே போகும்? பிளவுக்குள் தெரிந்த இருட்டைப் பென்சிலால் நிரப்பி ஒட்ட வைத்தது நான்தான். உடுப்புப் போட்ட மாப்பிள்ளைக்குக் குறை தெரியக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டு ஒட்டியிருந்தேன். பழைய பிளேட்டைத் தேடி எடுத்தேன். டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் என் பென்சில் கரைந்து, மூளி வெளியே வந்தது. இடது காது.

செல்லத்தாய் பத்திரிகையை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அவளுக்கும் அது தெரியும். பத்திரிகையில் இருப்பது வலது காது.

நிலைக்கண்ணாடி

அடுத்த சந்தை நாளில் அவள் மாமனாரோடு வந்தாள். மொக்கைச்சாமி என்று பெயர். வெற்றிலை போடாத, சத்தமாகப் பேசாத, நெடுநெடுவென்ற மனிதர். மருமகளைக் கொடுமைப்படுத்துகிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் மகனுக்காகக் கவலைப்பட்டார்.

“தாயி, நீங்க வேதக்காரவுக, எங்க முறை எப்படின்னு ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ. செத்தவனுக்குத் தண்ணி எறைக்காம விட்டா அவன் தாகத்தோட அலைவான். இம்புட்டு நாளு விட்டாச்சு. எம்மகன் அங்கன எந்தக் காட்டுல கெடந்து தவிக்கிறானோ. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல.”

“உசுரோட இருந்தா?” என்றேன்.

“இருந்தா நல்லதுதான். ஆனா இது அவன் இல்ல.” பத்திரிகையைத் தொடாமல் பேசினார். “எம்மகனுக்கு மூளி இடது காதுல. இவனுக்கு வலதுல. அதுபோக, இந்தப் பயலுக அம்புட்டுப் பேரும் இடக்கையால திங்கிறானுக. எம்மகன அப்படி நான் வளக்கல.”

அவர் சொன்னது சரி. நானும் பார்த்திருந்தேன். பார்த்து, சிறைக்குள் என்னென்ன பட்டார்களோ, வலக்கை எல்லாம் போயிற்றோ என்று மேலோட்டமாக நினைத்து விட்டுவிட்டேன். ஊரில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் சிரித்தார்களாம். சப்பான்காரன் நம்ம பிள்ளைகளுக்குக் கை மாற்றிப் பழக்கிவிட்டான் என்று ஒருவர் பெரிய விளக்கமே கொடுத்தாராம்.

செல்லத்தாய் திரைச்சீலைப் பக்கம் தள்ளி நின்றிருந்தாள். மாமனார் முன்னால் அவள் குரல் அதுவரை நான் கேட்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மாமா, ஒருத்தர் ரெண்டு பேருன்னா சரி. வரிசையில ஒருத்தர் பாக்கியில்லாம இடக்கையாலயா திம்பாக?”

பத்திரிகையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். பவுடர் டப்பாவைத் தள்ளிவிட்டு, பக்கத்தை நிலைக்கண்ணாடிக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

கண்ணாடிக்குள் அந்த ஆண்கள் எல்லோரும் வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டாவது ஆளின் மூளி, இடது காதுக்கு வந்துவிட்டது.

படத்தை அச்சுக்குத் தயார் செய்யும்போது பிலிமைத் திருப்பி வைத்துவிட்டால் இப்படி ஆகும். இடது வலதாகும், வலது இடதாகும். பட்டணத்திலோ அதற்கும் முன்னால் சீமையிலோ யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். படத்தில் ஒரு எழுத்து இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். எழுத்து இல்லை, கை இருந்தது. வலக்கையால் மட்டுமே சாப்பிடுகிறவர்கள் யாராவது அந்த அச்சுக்கூட மேசையில் கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் போதும், பிடித்திருப்பார்கள்.

மொக்கைச்சாமி கண்ணாடிக்கு மிகக் கிட்டே போய் நின்றார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. தோள் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“தை அமாவாசைக்குப் பாப்பம், ஆத்தா” என்று மருமகளிடம் சொன்னார். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “படம் திரும்பியிருக்கு, அதுவரைக்கும் நமக்குத் தெரியும். ஆள் அவன்தான்னு நமக்கு எப்படித் தெரியும்?” சுருளியைக் குற்றாலம் என்று மாற்றிய பத்திரிகைக்காரர்களால் சூடுபட்டவர் அல்லவா, அவருக்கு அச்சில் வந்த எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. “ஒரு பொம்பளை தாலியோட இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா?” என்று நான் சண்டைக்குப் போனேன். ஆனாலும் அவர் சொன்னது மண்டையில் இருந்துகொண்டே இருந்தது. பத்திரிகைக்கு எழுதி, படத்தில் உள்ளவர்களின் பெயர் கேட்டேன். அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். படம் சர்க்காரின் யுத்த விளம்பர இலாகாவிலிருந்து வந்ததாம், பெயர்கள் வரவில்லையாம்.

அந்தப் பக்கத்தைச் செல்லத்தாய் என்னிடமே விட்டுப் போயிருந்தாள். “வீட்டுல வச்சா ஆளாளுக்குத் தொடுவாக. ஒங்ககிட்டயே இருக்கட்டும்க்கா.” நான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்தேன். தேனிக்கு வரும்போதெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவாள். சில சமயம் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் போய் நிற்பாள். அப்போது நான் உள்ளே ஏதாவது வேலை இருப்பதாகப் போய்விடுவேன்.

தையில்

தங்கவேலு வந்துவிட்டான்.

தை பிறந்து கொஞ்ச நாளில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், கம்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்து போயிருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு போட்டானாம், கார்டு இன்றுவரை வரவில்லை. சேதி எனக்கு வந்தபோது நான் இருட்டறையில் இருந்தேன். கையில் இருந்த பிளேட்டை மருந்தில் போட மறந்து, ஒரு கல்யாண ஜோடியைக் கெடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் போய், “என்ன, இப்பவாவது ஒத்துக்கிறீகளா?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டார்.

மாசியில் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். செல்லத்தாய் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் சட்டை தனியாக, ஆள் தனியாக இருந்தான். காது மட்டும் பழையபடியே இருந்தது. “ஒட்ட வைக்கவா?” என்று கேட்டேன். “வேணாம்க்கா, இருக்கட்டும்” என்று செல்லத்தாய் முந்திக்கொண்டாள்.

படம் எடுத்து முடித்ததும் அவளே போய்ச் சட்டத்தை எடுத்து வந்தாள். அவனுக்குக் கதை முழுக்கத் தெரியும். வந்த அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்களாம். “நம்மளயும்தான் எடுத்தாக. அதுல ஒண்ணா இருக்கும்” என்று சொல்லியிருந்தானாம். படத்தை இப்போதுதான் பார்க்கிறான்.

பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நான் இல்ல” என்றான்.

“நல்லாப் பாருங்க. திருப்பிப் போட்டிருக்காக.”

“தெரியுது புள்ள. இது சந்தனம்.”

சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். சந்தனம் ராமநாதபுரம் சீமையில் கடற்கரைப் பக்கத்து ஆள். அவனுக்கும் சின்ன வயசில் கடுக்கன் அறுந்த இடது காது. கேம்ப்பில் இவர்கள் இருவரையும் பெரிய மூளி, சின்ன மூளி என்றுதான் கூப்பிடுவார்களாம். காய்ச்சலில் இவன் கிடந்தபோது தண்ணீர் சுமந்து ஊற்றியவன் அவன்.

“எங்க இருக்காக இப்ப?” என்று கேட்டாள்.

“இந்தப் படம் எடுத்துக் கொஞ்ச நாள்ல போயிட்டான். வயித்துக்கடுப்பு. கப்பல் வர்ற வரைக்கும் தாங்கல.”

செல்லத்தாய் தன் கழுத்தில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சொன்னது சரியாகப் போயிற்று. அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு ஏற்பட்ட மதிப்பு பெரியது.

சந்தனத்துக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்று தங்கவேலு சொன்னான். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அந்தப் பத்திரிகை அவர்கள் ஊர்ப்பக்கமும் போயிருக்கும். அந்தப் பெண்ணும் பார்த்திருக்கலாம். இடது காது மூளிக்காரனைத் தேடுகிறவள், வலது காது மூளிக்காரனை, அதுவும் இடக்கையால் சாப்பிடுகிறவனை, இது யாரோ என்று பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பாள். சுருளிப்பட்டியில் ஒருத்திக்கு யாரோ ஒருவன் கணவனாகத் தெரிந்தான். அங்கே ஒருத்திக்கு அவள் கணவன் யாரோவாகத் தெரிந்திருப்பான். நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

“அவ தாலிய நான் இரவல் வாங்கிக் கட்டியிருந்தாப்ல இருக்குக்கா” என்றாள் செல்லத்தாய். பிறகு கணவனைப் பார்த்து, “போகணும்” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். போக வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தானாம். வெறுங்கையோடு போய் நிற்க முடியாமல் தள்ளிப் போட்டிருக்கிறான்.

அன்றே அந்தப் பக்கத்தைச் சுவரில் குத்தி, பிளேட் வைத்துப் படம் எடுத்தேன். சந்தனத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கினேன். புள்ளிகளும் பெரிதாயின, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. பிளேட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டேன். மருந்துத் தண்ணீருக்குள் காகிதம் மெல்லக் கறுத்து, முதலில் தட்டு வந்தது, பிறகு கை வந்தது. வலக்கை. பென்சிலால் எதையும் தொடவில்லை.

மறுவாரம் இருவரும் போய் வந்தார்கள். செல்லத்தாய் வந்து என்னிடம் சொன்னாள். குடிசை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றதும், வெறுங்கழுத்தைப் பார்த்ததுமே இவர்களுக்குத் தெரிந்துவிட்டதாம். சர்க்கார் காகிதம் இவர்களுக்கு முன்னாலேயே வந்திருக்கிறது. அவளிடம் அவன் படம் ஒன்றுகூட இல்லை. இதுதான் முதல் படம்.

இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தாளாம். அழவில்லையாம். எப்படிச் செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று எதையும் கேட்கவில்லையாம். தங்கவேலுவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

“அன்னைக்கு வயிறு நெறயச் சாப்பிட்டாகளா அண்ணே?”

“சாப்பிட்டான் தங்கச்சி. ரெண்டாந்தடவ வாங்கிச் சாப்பிட்டான். நாந்தான் போய் வாங்கியாந்து குடுத்தேன்.”

“நெசமாவா?” என்று நான் செல்லத்தாயைக் கேட்டேன்.

“நான் அவுககிட்டக் கேக்கலக்கா” என்றாள்.